சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளை எடுத்து வேறு இடத்தில் வைப்பது சரியா? அதனால் பலன் உண்டா?

கல்லூரியில் படிப்பதாகவும், வரும் ஜனவரியில் சென்னையில் ஆமை நடைக்கு, அதாவது முட்டையிட வரும் கடல் ஆமைகளைத் தேடி இரவில் கரையில் நடப்பதற்கு, தன்னார்வலராகப் போகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே இரண்டு சந்தேகங்களையும் வைத்திருக்கிறீர்கள். ஆமை இட்ட முட்டையை எடுத்து வேறு இடத்தில் புதைப்பது இயற்கையில் தேவையில்லாமல் கைவைப்பது ஆகாதா? இத்தனை வருடமாக இதைச் செய்தும் 2025 ஜனவரியில் அவ்வளவு ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்புறம் இந்த வேலையால் என்ன பயன்? இதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கரையில் முட்டையை எடுக்கத்தான் வேண்டுமா, எடுப்பதால் ஆமை இனம் பிழைக்கிறதா, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் இந்த மாதிரி ஒரு அமைப்பு எதற்கு? முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு யாராலும் முடியாது என்று நினைக்கிறேன். மூன்றாவதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று படுகிறது. நான் விலங்கியல் படித்தவன், இந்தக் கரையில் பல பருவங்கள் இரவில் நடந்தவன். மீன்பிடித் தொழிலில் எனக்கு இருப்பது கேட்டறிந்த அறிவு மட்டுமே. அந்தப் பகுதியை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். வளர்ந்த பெண் ஆமையின் ஓடு இரண்டடிக்குச் சற்று மேலே இருக்கும், எடை நாற்பது கிலோவை ஒட்டி. ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை, சில வருடங்களில் ஏப்ரலிலும், இரவில் கரையேறும். ஒடிசாவில் கஹிர்மாதா, ருசிகுல்யா போன்ற இடங்களில் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் ஏறுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு இரவில் ஒன்று வரும், மறுநாள் எதுவுமே வராது, நல்ல இரவில் நாலைந்து வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும்தான் இந்தக் கரையில் முதலில் நடந்தவர்கள். பின்னாளில் இந்தியாவின் கடற்கரைகளையும் தீவுகளையும் ஆமைகளுக்காக அலசிய சதீஷ் பாஸ்கர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்தக் காலத்தில் ஆமை முட்டையைத் தோண்டி எடுத்து விற்பதும் தின்பதும் சாதாரணம். அதற்கு முந்திக்கொண்டு எடுத்து, வேலியடைத்த ஒரு இடத்தில் புதைத்துப் பொரிய வைத்தார்கள். அதன் பிறகு சில வருடங்கள் அரசு நிறுவனங்களும் வனத்துறையும் பொரிப்பகம் நடத்தின. அது நின்றுபோனபோது 1988-ல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்ததுதான் இன்று எஸ்.எஸ்.டி.சி.என். என்று அழைக்கப்படும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு. அன்றைய மாணவர்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது, ஆனால் அமைப்பு இன்றும் மாணவர்களையும் தன்னார்வலர்களையும் நம்பித்தான் நடக்கிறது. நீலாங்கரையைச் சேர்ந்த ட்ரீ ஃபவுண்டேஷன் 2002 முதல் மீனவ இளைஞர்களையே காவலர்களாக வைத்து வேறு பகுதிகளில் இதே வேலையைச் செய்கிறது. வனத்துறையும் தமிழகக் கரையில் பல இடங்களில் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

முட்டையை எடுப்பது என்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். நீலாங்கரையில் கிளம்பி கொட்டிவாக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர் தாண்டி அடையாறு முகத்துவாரத்தை நோக்கி, அலை தொட்டுப் போகும் ஈர மணலை ஒட்டியே நடப்போம். தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி ஏறும். அதனால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக இல்லாமல், முன்னும் பின்னுமாகப் பதிந்த தடம் கடலிலிருந்து மேலே போகும். பக்கத்திலேயே இன்னொன்று கடலுக்குத் திரும்பியிருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முட்டையிட்டு முடித்ததும் ஆமை உடம்பை இரு பக்கமும் ஆட்டி மணலை அடித்துக் கெட்டிக்கும், பிறகு சுற்றிலும் மணலை வாரி இறைத்து இடத்தை மறைத்துவிட்டுப் போகும். கலைந்த அந்தப் பரப்பில் குழி எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது. மெல்லிய கோலை மெதுவாக மணலில் இறக்கிப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் கோல் முட்டிக்கொண்டு நிற்கும், ஒரே ஒரு இடத்தில் தடையில்லாமல் உள்ளே போகும். அதுதான் குழியின் கழுத்து. பழக்கமில்லாதவர் கையில் கோல் முட்டையைக் குத்திவிடும், அதனால் புதியவர்களிடம் கொடுப்பதில்லை. அப்புறம் கையாலேயே தோண்ட வேண்டும். முழங்கை வரை உள்ளே போனதும் விரல் நுனியில் முட்டை தட்டுப்படும். மேசைப்பந்து அளவு, ஓடு தோல் மாதிரி அமுங்கும், மேலே வழவழவென்று ஈரம். நூறு, நூற்றிருபது இருக்கும். எண்ணித் துணிப்பையில் வைத்து, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே அளவில் அடி விரிந்த குழி தோண்டி, பழைய குழியின் ஈர மணலோடு சேர்த்துப் புதைப்பார்கள். தேதி, இடம், எண்ணிக்கை எழுதிய அட்டை ஒன்று மேலே நடப்படும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மேலே வரும்.

இப்போது முதல் கேள்வி. கடல் ஆமைப் பாதுகாப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி, முட்டை இட்ட இடத்திலேயே பொரிவதுதான் சிறந்தது என்பது. இடம் மாற்றுவது கடைசி வழி. ஆகவே உங்கள் சந்தேகம் தவறானதே இல்லை, ஆமைகளைப் படித்தவர்கள் அதே சந்தேகத்தோடுதான் தொடங்குவார்கள். ஆனால் இந்தக் கரையில் கடைசி வழிதான் மிஞ்சியிருக்கிறது. இங்கே முட்டைகளுக்கு முதல் எதிரி தெருநாய். நாய் மோப்பம் பிடித்து ஒரே இரவில் குழியைக் கிளறிவிடும். காலையில் போனால் சுருண்ட ஓடுகள்தான் கிடக்கும். தப்பிய குழி 50 நாள் கழித்துப் பொரிந்தாலும் அடுத்த ஆபத்து வெளிச்சம். குஞ்சு கடலைக் கண்டுபிடிப்பது, தாழ்ந்த அடிவானத்தில் எந்தப் பக்கம் பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்துத்தான். மின்விளக்கு இல்லாத கரையில் அது கடல் பக்கம். பெசன்ட் நகரிலும் நீலாங்கரையிலும் அது தெருவிளக்குப் பக்கம், உணவகத்துப் பக்கம், பங்களாக்களின் மதில் விளக்குப் பக்கம். குஞ்சுகள் சாலையை நோக்கி நடந்து, நசுங்கியோ வெயிலில் காய்ந்தோ சாகும். நான் பார்த்தவரை, காவலில்லாமல் விடப்பட்ட குழிகளிலிருந்து கடலைச் சேர்ந்த குஞ்சுகள் மிகக் குறைவு. எனவே சென்னை நகரக் கரையில், விளக்கும் நாயும் இருக்கும்வரை, முட்டையை எடுப்பது சரி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் இதே பதிலை ஆளரவம் இல்லாத ஒரு கரைக்கு நீட்டிக்காதீர்கள். அங்கே குழியைச் சுற்றி ஒரு வலைக்கூண்டு வைத்து அப்படியே விட்டுவிடுவதுதான் சரியான வேலை. பொரிப்பகம் நன்றாக நடக்கிறது என்பதற்காக எல்லாக் கரையிலும் பொரிப்பகம் போட்டுக்கொண்டே போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எடுப்பதிலும் ஆபத்துகள் உண்டு. முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் மேல்பக்கத்து உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைத் திருப்பினால் கரு கிழிந்து செத்துவிடும். அதனால்தான் அன்றைய இரவிலேயே எடுக்க வேண்டும், உருட்டாமல் குலுக்காமல் எடுக்க வேண்டும். மறுநாள் மதியம் கண்டுபிடித்த குழியை ஆர்வத்தில் தோண்டுவது முட்டைகளைக் கொல்வதற்குச் சமம். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். அடுத்து வெப்பம். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேல் போனால் பெண்கள் அதிகமாகும், கீழே இருந்தால் ஆண்கள். 34, 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் கருவே சாகத் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் புதைத்த முட்டை சென்னையின் ஏப்ரல் வெயிலைத் தாங்கியாக வேண்டும் என்பதால், பருவத்தின் பின்பாதியில் பொரிப்பகத்துக்கு மேலே கீற்றோ நிழல்வலையோ போடுகிறார்கள். இது நல்ல பழக்கம். ஆனால் இத்தனை வருடங்களில் இங்கே பொரிந்தவற்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்டால் ஊகத்தைத்தான் சொல்ல முடியும். குஞ்சின் வெளித்தோற்றத்தில் ஆண் பெண் தெரியாது. குழியின் வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போடலாம், ஆனால் அதை அளக்கும் கருவியைத் தொடர்ந்து வைத்துப் பதிவு செய்யும் பொரிப்பகங்கள் நம் கரையில் குறைவு.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அது மனிதர்களால் வருவது. குஞ்சு மணலைவிட்டு வெளியே வந்த முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்கு, உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை எரித்து வெறியோடு நீந்தும். கரைக்கு அருகில் காத்திருக்கும் மீன்களைத் தாண்ட அந்த வேகம்தான் துணை. இயற்கையில் இது இரவில், மணல் குளிர்ந்த பிறகு நடக்கும். குஞ்சுகளை வாளியில் போட்டுவைத்து, காலை ஒன்பது மணிக்கு விருந்தினர் வந்து கையில் ஏந்தி விடும்வரை காக்கவைப்பது அந்த வேகத்தை வீணாக்குவது. கேமராவுக்காக அப்படிக் காக்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், யார் என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் சேரும் குழு குஞ்சுகளை எப்போது விடுகிறது என்று பாருங்கள். வெளிவந்த இரவே, கூட்டம் குறைவாக இருக்கும்போது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இடம் மாற்றி, மணலில் தானாக நடந்து கடலுக்குப் போகும்படி விடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு வேலை தெரியும்.

இரண்டாவது கேள்வி, இதனால் இனம் பிழைக்கிறதா என்பது. "ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து ஆமையாகும்" என்பதை எல்லா ஆமை நடையிலும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது பிழைப்பவை எவ்வளவு குறைவு என்று புரியவைக்கும் ஒரு மதிப்பீடு, இந்தக் கடலில் எண்ணிப் பார்த்துக் கண்டது அல்ல. பங்குனி ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சில் நாம் மாட்டும் எந்த அடையாளமும் அத்தனை வருடம் நிற்காது. ஆகவே பெசன்ட் நகரில் விட்ட குஞ்சு திரும்பி வந்ததா என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. வேறு இடத்தில் ஒரு சான்று உண்டு. கெம்ப் ரிட்லி என்பது பங்குனி ஆமைக்கு மிக நெருங்கிய இனம். அது பெரும்பாலும் மெக்சிகோவில் ஒரே கரையில்தான் முட்டையிடும். 1978 முதல் 1988 வரை அதன் முட்டைகளை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பாட்ரே தீவுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில மாதம் தொட்டியில் வளர்த்து, அடையாளமிட்டு விட்டார்கள். 1996-ல் அவற்றில் இரண்டு ஆமைகள் அதே தீவுக்கு முட்டையிடத் திரும்பியது உறுதியானது. இடம் மாற்றிய முட்டையிலிருந்து வந்த ஆமையும் வளர்ந்து திரும்ப முடியும் என்பதற்கு இது ஆதாரம். சென்னையில் அதுவே நடக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

எதிர்ப்பக்கத்துச் சான்று இன்னும் கனமானது. 1987-ல் அமெரிக்கத் தென்கிழக்குக் கரையின் பெருந்தலை ஆமைகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆமையின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, இளம் ஆமை, வளர்ந்த ஆமை என்று கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சாவைக் குறைத்தால் இனம் மீளும் என்று பார்த்தார்கள். முட்டைகளை எவ்வளவு காத்தாலும் அது மட்டும் போதாது, பெரிய இளம் ஆமைகளும் வளர்ந்தவையும் கடலில் சாவதைக் குறைத்தால்தான் எண்ணிக்கை ஏறும் என்று விடை வந்தது. காரணம் எளிது. முட்டையிடும் வயதுக்கு வந்த ஒரு பெண் ஆமை பத்துப் பதினைந்து வருட ஆபத்துகளைத் தாண்டி வந்தது. இனி வருடா வருடம் நூற்றுக்கணக்கில் முட்டையிடக் கூடியது. அது வலையில் செத்தால், அந்த இடத்தை நிரப்பப் பல குழிகளின் குஞ்சுகள் வேண்டும். கெம்ப் ரிட்லிக்கு நடந்ததும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. 1985-ல் உலகம் முழுவதற்கும் அதன் முட்டைக் குழிகள் 702 என்ற அளவுக்கு இறங்கின. கரையில் முட்டைக் காவலும், கடலில் படகுகள் இறாலுக்காக இழுத்துச் செல்லும் பை போன்ற வலைகளான இழுவைமடிகளில் ஆமை தப்பும் கருவியும் சேர்ந்து வந்த பிறகு, 2009 வாக்கில் இருபதாயிரத்தைத் தாண்டின. இரண்டில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடமே எண்ணிக்கை சட்டென்று விழுந்தது, அதற்கான காரணத்தில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

சென்னைக்கு என்று இன்னொரு விஷயமும் இருக்கிறது. மரபணு ஆய்வில் இங்கே முட்டையிடும் ஆமைகளுக்கும் ஒடிசா ஆமைகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ஒரே பெரிய கூட்டம். 2025-ல் ருசிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ ஏழு லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிடப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் சென்னையின் குழிகள் எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் பதில் இது. எண்ணிக்கையில் சென்னை சிறியது, அதைப் பெரிதாக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஓர் இனம் இரண்டு மூன்று கரைகளை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. ஒடிசாக் கரைகளிலேயே மணல் அரித்துப்போன வருடங்களில் கூட்டமாக முட்டையிடுதல் நடக்காமல் போயிருக்கிறது. தனித்தனியாக முட்டையிடும் கரைகள் பரந்து கிடப்பது நல்லது என்பது என் கருத்து, நிரூபணம் அல்ல.

செத்து ஒதுங்கியவற்றுக்கு வருவோம், உங்களை உறுத்தியது அதுதான். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஒதுங்கிய சடலங்களின் எண்ணிக்கை செய்திகளில் ஆயிரத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்தது. இவை முட்டையிடும் வயது ஆமைகள். நவம்பர், டிசம்பரிலிருந்தே அவை இணைசேரக் கரைக்கு அருகில் கூடும். அதே கடலில் அதே மாதங்களில் விசைப்படகுகள் இழுவைமடி போடுகின்றன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. நீருக்கடியில் சும்மா இருந்தால் நெடுநேரம் தாங்கும், வலைக்குள் சிக்கித் துடிக்கும்போது தாங்காது. மடியை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் உள்ளே சிக்கியவை சாகும் விகிதம் கிடுகிடுவென்று ஏறும். வெளிக்காயம் இல்லாமல் கண் பிதுங்கி, கழுத்து வீங்கிப் புதிதாக ஒதுங்கிய சடலத்தைப் பார்த்தால் மூழ்கிச் செத்தது என்று நினைக்க நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலானவை அழுகிய பிறகுதான் கரைக்கு வருகின்றன. அவற்றில் காரணம் கண்டுபிடிப்பது கடினம். மிதந்து வரும் சடலம் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்து வேறு ஊரில் ஒதுங்கும், பல மூழ்கியே போகும். ஆகவே கரையில் எண்ணுவது குறைந்தபட்சக் கணக்கு. எந்தப் படகு, எந்த இடம் என்று அந்த எண்ணிக்கையிலிருந்து சொல்லவே முடியாது. சொல்பவர்களை நம்பாதீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடல் ஆமைகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு, ஆனால் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்தை மனதில் வைத்து வகுத்த காலம் அது. ஆமைகள் பெரும்பாலும் அதற்குள் முட்டையிட்டு முடித்துவிடும். ஆமை தப்பும் கருவி என்பது மடிக்குள் சாய்வாகப் பொருத்தும் ஒரு கம்பிச்சட்டமும் அதன் மேலே ஒரு திறப்பும். சிறியவை கம்பிகளுக்கு இடையே பின்னால் போகும், ஆமை முட்டி மேலே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிகளுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. இந்தக் கருவி இல்லை என்பதைக் காரணம் காட்டித்தான் 2019-ல் அமெரிக்கா இந்தியாவில் கடலில் பிடித்த இறாலின் இறக்குமதியை நிறுத்தியது. நம் விசைப்படகுக்காரர்கள் சொல்லும் தடையும் பொய்யில்லை: இறாலுக்கு மட்டும் மடி போடுபவருக்கு இது ஒத்துவரும், பெரிய மீனையும் நம்பி மடி இழுப்பவருக்குக் கம்பியில் தட்டி மீன் வெளியே போகும். டீசல் கடனில் ஓடும் படகுக்கு அது சின்ன இழப்பு அல்ல. ஆனால் இதைச் சொல்லி, 5 மைலுக்குள் வருவதை நியாயப்படுத்த முடியாது. கரையோரத்தில் விசைப்படகு வந்தால் ஃபைபர் படகில் போகும் சிறு மீனவரின் வலையும் அறுகிறது, மீனும் போகிறது. ஊரூர் ஆல்காட் குப்பத்திலோ கொட்டிவாக்கம் குப்பத்திலோ கேட்டுப் பாருங்கள், ஆமையைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கோபத்தைவிட இதைப் பற்றி அவர்களுக்கு அதிகம் இருக்கும். சிறு மீனவர்களின் வலைகளிலும் ஆமை சிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வலை கையருகில் இருப்பதால் உயிரோடு அறுத்துவிட வாய்ப்பு அதிகம், பலர் வலை நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு அறுத்தும் விடுகிறார்கள்.

அப்படியானால் கரையில் நடக்கும் அமைப்பு எதற்கு? கடலில் சாவதை அந்த அமைப்பால் நிறுத்த முடியாது. அதற்குப் படகும் அதிகாரமும் அரசிடம்தான் இருக்கிறது. ஆனால் கடலில் சாவு நடக்கிறது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு இரவும் யாரோ நடந்து, ஒவ்வொரு சடலத்தையும் அளந்து, ஆணா பெண்ணா என்று வாலின் நீளத்தைப் பார்த்து எழுதிவைத்ததால். ஆண் ஆமை உயிரோடு கரையேறுவதே இல்லை என்பதால் அவற்றைப் பற்றி நம் கரையில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் இந்தச் சடலங்களிலிருந்துதான். ஒரு வருடம் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தன என்று சொல்ல வேண்டுமானால் வழக்கம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக ஒரே கரையை ஒரே முறையில் நடந்தவர்களிடம்தான் அது இருக்கிறது. இந்தக் குறிப்பேட்டைத்தான் நான் பொரிப்பகத்தைவிடப் பெரிய வேலையாக நினைக்கிறேன். பல தன்னார்வலர்கள் இதை ஏற்க மாட்டார்கள், அவர்களைக் கரைக்கு இழுப்பது குஞ்சுகள்தான். பரவாயில்லை, குஞ்சுக்காக வந்தவர்கள்தான் சடலத்தையும் எண்ணுகிறார்கள். கூட நடந்து இதைக் கற்றுக்கொண்ட மாணவர்களில் சிலர் பின்னாளில் நாட்டின் முக்கியமான ஆமை ஆராய்ச்சியாளர்களாக ஆனார்கள். விளக்கை அணைக்கச் சொல்லி மாநகராட்சியிடம் ஒவ்வொரு பருவமும் கேட்பதும், கரையை ஒட்டிச் சாலை போடத் திட்டம் வந்தபோது குப்பத்து மக்களோடு குரல் கொடுத்ததும் இந்தக் கரையைத் தெரிந்தவர்கள்தான். அந்த மணல் இன்னும் மணலாக இருப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ஆகவே போங்கள். போகும்போது சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் முட்டையையோ ஆமையையோ தொடுவது குற்றம். அமைப்புகள் வனத்துறையின் அனுமதியோடுதான் செய்கின்றன, நீங்கள் அவர்களோடு இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஆமை கரையேறும்போது யாரும் அசையக் கூடாது. டார்ச் அடித்தால், கேமராவில் ஃபிளாஷ் போட்டால், முட்டையிடாமலே திரும்பிவிடும். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் நெருங்கலாம், அதுவும் பின்பக்கமாக. பொதுமக்களுக்கான நடையில் பத்தில் பல இரவுகள் ஆமையே பார்க்காமல் முடியும். நள்ளிரவுக்கு முன் கிளம்பி விடியும் நேரத்தில் முடியும் அந்த ஏழு கிலோமீட்டரை மணலில் நடக்கத் தெம்பு வேண்டும். செருப்பு உதவாது, வெறுங்காலுக்குக் கண்ணாடிச் சில்லு ஆகாது, பழைய ஷூ போதும். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வேண்டுகோள். ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளில் ஆள் கூட்டம் தாராளமாக இருக்கும். மார்ச் பாதியில் கல்லூரித் தேர்வுகள் வந்ததும் எல்லோரும் காணாமல் போவார்கள். குஞ்சுகள் அதிகமாகப் பொரிவது அப்போதுதான். பொரிப்பகத்தில் இரவு முழுவதும் மணிக்கொரு தடவை ஒவ்வொரு குழியையும் பார்த்து, வெளிவந்தவற்றை உடனே எண்ணிக் கடலுக்கு விட ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான். வார நாட்களில் ஒரு இரவு, மார்ச் 15-க்குப் பிறகு, வர முடியும் என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள். முதல் நாளிலேயே உங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள்.